ஆடியோ கம்பெனி, லேபிள், ராயல்டி: பாட்டு போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சாலிகிராமத்தில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாட வருகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள், பக்திப் பாட்டு எழுதிக்கொண்டு ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் எல்லோரும் மிக்ஸிங் முடிகிற வரை பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். பாட்டு கைக்கு வந்ததும் பேச்சு லேபிள் பக்கம் திரும்பிவிடும். பல வருஷமாகக் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான், அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் என்றால் காப்பிரைட் தெரிந்த வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

லேபிள்னா என்னங்க? ஆடியோ கம்பெனியைத்தானே சொல்றாங்க?

ஆமாம், அதேதான். இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்துக்குத்தான் லேபிள் என்று பெயர், அதில் அச்சடித்திருந்த கம்பெனியையே பிறகு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எச்.எம்.வி. என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கம்பெனிதான் இன்றைய சரிகம. அப்புறம் இன்ரெகோ, எக்கோ, இன்றைக்கு சோனி மியூசிக், திங்க் மியூசிக் என்று வரிசை நீள்கிறது.

வேலை என்று பார்த்தால் மூன்று. பாட்டின் உரிமையை வாங்குவது அல்லது பாட்டு உருவாகப் பணம் போடுவது. அதை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அந்தப் பாட்டு எங்கெல்லாம் பயன்படுகிறதோ அங்கெல்லாம் காசு வசூலிப்பது. மூன்றாவது வேலையைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள், ஆனால் கம்பெனிக்கு நீண்ட கால வருமானம் வருவதே அதிலிருந்துதான்.

ஒரே பாட்டுக்குள்ள ரெண்டு உரிமை இருக்குங்கறாங்க, எனக்குச் சுத்தமா புரியல.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பாட்டு என்பது மெட்டும் வரியும், அது ஒரு சொத்து. அந்தப் பாட்டை ஒரு நாள் ஸ்டுடியோவில் ஒருவர் பாடி, வாத்தியம் வாசித்து, பதிவு செய்த ஒலி இருக்கிறதே, அது தனிச் சொத்து. இரண்டாவதைத்தான் மாஸ்டர் என்கிறோம். இரண்டுக்கும் சொந்தக்காரர் வேறு வேறு ஆளாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

கந்த சஷ்டி கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவராய சுவாமிகள் எழுதிய வரிகளுக்கு இன்றைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, நீங்களும் பாடலாம், நானும் பதிவு செய்யலாம். ஆனால் விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கியில் நாம் கேட்டு வளர்ந்த சூலமங்கலம் சகோதரிகளின் பதிவு எச்.எம்.வி. வெளியிட்டது. அந்த ஒலியை எடுத்து உங்கள் வீடியோவில் போட்டால், வரி பழசுதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

காலக்கணக்கும் வேறு வேறு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷம் தொடங்கி 60 ஆண்டுகள். வரிக்கும் மெட்டுக்கும், படைத்தவரின் ஆயுள் முடிந்து அடுத்த வருஷம் தொடங்கி 60 ஆண்டுகள். 1960ல் வெளியான ஒரு பதிவின் காலம் 2020 கடைசியில் முடிந்துவிட்டது. ஆனால் அது கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்ததாக இருந்தால், கவிஞர் 1981ல் மறைந்ததால் வரிகளின் உரிமை 2041 வரைக்கும், எம்.எஸ்.வி. 2015ல் மறைந்ததால் மெட்டின் உரிமை 2075 வரைக்கும் ஓடும். ஒரே பாட்டுக்கு மூன்று தேதிகள்.

சினிமா பாட்டு யாருக்குச் சொந்தம்? மியூசிக் டைரக்டருக்கா, புரொடியூசருக்கா?

ரொம்ப காலம் பதில் ‘புரொடியூசருக்கு’ என்பதுதான். 1977ல் உச்ச நீதிமன்றமே, படத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு போட்ட மெட்டுக்கும் எழுதிய வரிக்கும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளர்தான் முதல் உரிமையாளர் என்று சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் அதை ஆடியோ ரைட்ஸ் என்று கம்பெனிக்கு விற்பார். பட பட்ஜெட்டில் ஒரு பகுதி ரிலீஸுக்கு முன்பே அப்படித்தான் திரும்பி வருகிறது. சன் பிக்சர்ஸ் மாதிரிப் பெரிய நிறுவனங்கள் வெளியே விற்காமல் தாங்களே வைத்துக்கொள்வதும் உண்டு.

2012ல் காப்பிரைட் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையில் இதற்காக நின்று பேசியவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். உரிமையை விற்றாலும் சரி, தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில், அதாவது பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் காசில், சம பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. என்னைக் கேட்டால், நம் நாட்டில் பாட்டு எழுதுகிறவனுக்கு நடந்த மிகப் பெரிய நல்லது அதுதான்.

இப்போ கேசட்டே இல்ல, சிடியும் இல்ல. அப்புறம் லேபிள் எதுக்கு?

கேசட் அடித்துக் கடைக்குக் கடை போடுவது மட்டும்தான் லேபிளின் வேலை என்றிருந்தால் அவர்கள் எப்போதோ மூடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. பழைய பாட்டுக் கிடங்கு வைத்திருந்தவர்களுக்கு ஸ்ட்ரீமிங் வந்தபிறகு பொற்காலம். கேசட் கடையில் 1970களின் ஒரு பாட்டு கிடைக்காமல் போகலாம், ஆப்பில் எப்போதும் கிடைக்கும், ஒவ்வொருமுறை ஓடும்போதும் காசு. 2017ல் சரிகம தன்னிடம் இருந்த பழைய பாட்டுகளில் 5000ஐ ஒரு ரேடியோ மாதிரிப் பெட்டியில் அடைத்து கேரவான் என்று விற்றது, ஞாபகம் இருக்கும். தாத்தா பாட்டிக்குப் பரிசாக வாங்கித் தராத வீடு குறைவு.

புதுப் பாட்டுக்கு லேபிள் செய்வது கூட்டம் சேர்க்கும் வேலை. 2011 நவம்பரில் ‘ஒய் திஸ் கொலவெறி’யை சோனி மியூசிக் யூடியூபில் வெளியிட்டபோது படம் வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. பாட்டு நன்றாக இருந்தது என்பது ஒரு பக்கம், அதை எந்த நாளில், எந்த வீடியோவோடு, எந்த எஃப்எம்மில், எந்தப் பத்திரிகையில் என்று தள்ளிக்கொண்டு போக ஒரு அலுவலகம் இருந்தது இன்னொரு பக்கம். தனி ஆளாக அதைச் செய்ய முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் ரொம்பக் கஷ்டம்.

நான் சொந்தமா ஒரு பாட்டு போடணும். லேபிள் இல்லாம ஸ்பாட்டிஃபைல வருமா?

தாராளமாக வரும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர்கள் இருக்கிறார்கள். ஒரு கட்டணமோ வருமானத்தில் ஒரு பங்கோ வாங்கிக்கொண்டு பாட்டை எல்லா ஆப்களுக்கும் அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்து-எண் கொண்ட ஒரு அடையாளக் குறி வேண்டும், அதையும் அவர்களே போட்டுத் தருவார்கள். அந்தக் குறியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் பழைய எண்ணிக்கை தொடர அது தேவைப்படும்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்பவர் லாரி சர்வீஸ் மாதிரி, சரக்கு உங்களுடையது. லேபிள் சரக்கையே வாங்குகிறவர், இல்லையென்றால் குத்தகைக்கு எடுக்கிறவர். இந்த வித்தியாசம் தெரியாமல் ‘ரிலீஸ் பண்ணித் தர்றோம்’ என்றவரிடம் மாஸ்டரையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் என் ஸ்டுடியோவிலேயே நான்கைந்து பேர் உண்டு.

எவ்வளவு வியூஸ் போனா எவ்வளவு வரும்?

நிலையான ஒரு தொகை கிடையாது. ஆப் ஒரு மாதத்தில் வசூலித்ததில் உங்கள் பாட்டு எத்தனை பங்கு ஓடியது என்பதை வைத்துத்தான் கணக்கு, அதனால் நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் மாறும். 2024லிருந்து ஸ்பாட்டிஃபையில் கடந்த 12 மாதத்தில் 1000 தடவை ஓடாத பாட்டுக்கு அதிலிருந்து எதுவும் வராது.

பாட்டு பெரிய ஹிட் என்றாலே பணம் வந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். 2021ல் மாஜா வெளியிட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’யைக் கேட்காத ஆள் இல்லை. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார், நிறுவனம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. நான் சொல்ல வருவது, கணக்கை எப்போது காட்ட வேண்டும், நாம் எப்போது போய்ப் பார்க்கலாம் என்பது பேப்பரில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதைத்தான்.

அட்வான்ஸ் 2 லட்சம் தர்றாங்க. அது எனக்குத்தானே, திருப்பித் தர வேண்டாமே?

கையிலிருந்து திருப்பித் தர வேண்டாம். ஆனால் உங்கள் பங்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். அட்வான்ஸ் 2 லட்சம், வீடியோ எடுக்க அவர்கள் போட்ட 3 லட்சத்தையும் உங்கள் கணக்கில் எழுதுகிறார்கள், ஆக 5 லட்சம். வருமானத்தில் உங்கள் பங்கு 20 சதவீதம். அந்த 20 சதவீதத்திலிருந்துதான் 5 லட்சம் அடைபட வேண்டும் என்றால், பாட்டு மொத்தம் 25 லட்சம் சம்பாதித்த பிறகுதான் உங்களுக்கு அடுத்த ரூபாய் வரும். அதற்குள் கம்பெனிக்குத் தன் பங்காக 20 லட்சம் போயிருக்கும், போட்ட 5 லட்சமும் திரும்பியிருக்கும்.

இது மோசடி இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான். பத்துப் பாட்டில் எட்டு ஓடாமல் போனால் அந்த நஷ்டம் அவர்களுடையது, அதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எந்தெந்தச் செலவு உங்கள் தலையில் விழும் என்று முன்கூட்டியே கேளுங்கள். வீடியோ செலவில் பாதியை மட்டும் கணக்கில் எழுதுங்கள் என்று பேசிப் பார்க்கலாம், ஒத்துக்கொண்ட கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே தொகையா வாங்கிட்டு மொத்தமா எழுதிக் கொடுத்துடலாமா?

பண நெருக்கடியில் இருக்கிறவரிடம் ‘கொடுக்காதே’ என்று சொல்ல எனக்கு மனசு வராது. நானே கொடுத்திருக்கிறேன். எட்டு முருகன் பாட்டு, ஒரு கம்பெனி மொத்தமாக 15,000 ரூபாய் கொடுத்தது, அன்றைக்கு வீட்டு வாடகைக்கு அது வேண்டியிருந்தது. இன்றைக்கும் தைப்பூசம் வந்தால் அதில் இரண்டு பாட்டு எங்காவது காதில் விழும். பேப்பரில் ‘இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காப்பிரைட் காலம் முழுவதும்’ என்று இருந்த வரியை அன்று நான் படிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்ட பேனாவின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

இது புதுக் கதையும் இல்லை. பாரதியார் பாடல்களை இசைத்தட்டில் கொண்டுவரும் உரிமை ஒரு காலத்தில் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பாட்டைப் படத்தில் பயன்படுத்தியதற்காக வழக்குவரை போனது. பாரதியைப் பாட யாரிடம் அனுமதி கேட்பது என்று தமிழ்நாடே கொதித்தது. 1949ல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டபோது செட்டியார் தன் உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பாரதிக்காக ஒரு நாடே எழுந்து நின்றது. நமக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள், நம் பாட்டை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, பேப்பர்ல எந்த வரியைப் பார்க்கணும்?

முதலில், எந்த உரிமை கேட்கிறார்கள்: மாஸ்டர் மட்டுமா, மெட்டும் வரியுமா? இரண்டாவது கேள்வியின் பதிலை மறுபடி படித்துவிட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். அடுத்து எத்தனை வருஷம். எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 வருஷம்தான், நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். கம்பெனிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் ‘உலகம் முழுவதும், காலம் முழுவதும்’ என்று மறக்காமல் எழுதுகிறார்கள்.

வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதாதவரை, அது காலாவதியாகிவிடும். ரிலீஸ் பண்ணாமல் கிடப்பில் போட்டவர்களிடம் பேச இது உதவும். 2012 திருத்தத்துக்குப் பிறகு எழுதும் ஒப்பந்தத்தில், அன்றைக்கு இல்லாத புது ஊடகத்தைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால்தான் அதில் அவர்களுக்கு உரிமை. அப்புறம் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற சொல், அதாவது அவர்களுக்கு மட்டும்தான் என்பது. அது இந்த ஒரு பாட்டுக்கா, அடுத்த மூன்று வருஷம் நீங்கள் பாடும் எல்லாப் பாட்டுக்குமா என்று விரல் வைத்துக் கேளுங்கள்.

ராயல்டி எதுவும் வேண்டாம்னு எழுதித் தரச் சொல்றாங்க. போட்டுக் கொடுத்தா போச்சா?

நீங்கள் பாடலாசிரியர் அல்லது இசையமைப்பாளர் என்றால், மூன்றாவது கேள்வியில் சொன்ன சம பங்கை விட்டுக்கொடுக்க சட்டம் உங்களையே அனுமதிக்கவில்லை. உங்கள் வாரிசுக்கோ காப்பிரைட் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதித் தர முடியாது, எழுதினாலும் செல்லாது. பயப்படாமல் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

ஆனால் உரிமை இருப்பது வேறு, காசு வருவது வேறு. அதற்கு ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினர் ஆக வேண்டும். 1969லிருந்து இருக்கும் சங்கம், வரிக்கும் மெட்டுக்கும் வசூலித்துப் பிரித்துத் தருகிறது. சேராமல் இருந்துகொண்டு ‘எனக்கு எதுவும் வரலை’ என்று சொல்லும் பாடலாசிரியர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. சேருங்கள், ஒவ்வொரு பாட்டையும் பதியுங்கள். பிபிஎல் என்பது வேறு, அது ஹோட்டல், கடை மாதிரி இடங்களில் மாஸ்டர் ஓடுவதற்கு லேபிள்கள் சார்பில் வசூலிக்கிறது.

நான் பாடகி, எழுதலை, மெட்டும் போடலை. எனக்கு ஒண்ணுமே இல்லையா?

இருக்கிறது. நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக உண்டு, அதுவும் 2012ல்தான் பலப்பட்டது. பாடகர்கள் சேர்ந்து தொடங்கிய இஸ்ரா, இப்போது வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு இசாம்ரா என்று இயங்குகிறது. அங்கே சேருங்கள்.

பழைய சினிமா பாட்டை கவர் பாடி யூடியூப்ல போடலாமா?

சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: முதல் பதிவு வந்த வருஷம் முடிந்து ஐந்து வருஷம் கழித்து, உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்டி, மெட்டையும் வரியையும் மாற்றாமல் பதிவு செய்யலாம். இது கேசட் காலத்தை மனதில் வைத்து எழுதிய விதி, அதுவும் ஒலிக்கு மட்டும்தான்.

நடைமுறையில் வீட்டில் பாடி ஏற்றுகிறவர்கள் யாரும் இப்படிச் செய்வதில்லை. யூடியூபின் கன்டென்ட் ஐடி பாட்டை அடையாளம் கண்டு விளம்பரக் காசை உரிமையாளர் பக்கம் திருப்பிவிடும், வீடியோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் அது அவர்கள் விட்டுவைப்பது, உங்கள் உரிமை இல்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: படத்தின் ஒரிஜினல் டிராக்கிலிருந்து குரலை நீக்கிவிட்டு அதன்மேல் பாடுவது. அது மாஸ்டரையே எடுப்பதாகிவிடும்.

என் பாட்டை என் சேனல்லயே போட்டேன், எனக்கே கிளெய்ம் வருது! இது என்ன நியாயம்?

மாதத்துக்கு ஒருவராவது இந்தக் கோபத்தோடு வருவார். முதலில், கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்றால் காசு திசை திரும்புகிறது, அவ்வளவுதான். ஸ்ட்ரைக் என்றால் வீடியோவே போகும், 90 நாளில் மூன்று வாங்கினால் சேனலையே மூடலாம்.

பெரும்பாலும் காரணம் எளிது. டிஸ்ட்ரிபியூட்டரிடம் கன்டென்ட் ஐடிக்கும் டிக் அடித்திருப்பீர்கள், அவர்கள் உங்கள் சார்பிலேயே உங்கள் மேல் கிளெய்ம் போட்டிருப்பார்கள், சேனல் முகவரியைக் கொடுத்தால் நீக்கிவிடுவார்கள். சிக்கலானது இன்னொன்று. இணையத்தில் கிடைத்த ஒரு புல்லாங்குழல் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடவிடும் சின்ன ஒலித்துண்டு) நீங்களும் போட்டிருப்பீர்கள், இன்னொருவரும் போட்டு அவர் தன் பாட்டை முதலில் பதிந்திருப்பார். லூப் வாங்கிய ரசீதை வைத்துத்தான் வாதாட முடியும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு ரசீதெல்லாம் அதில் வையுங்கள்.

ஆடியோ கம்பெனிகிட்ட அனுமதி வாங்கிட்டோம். அப்புறமும் மியூசிக் டைரக்டர் நோட்டீஸ் விடலாமா?

விடலாம், விட்டிருக்கிறார்கள். 2024ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ பாட்டு வந்தபோது இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது, உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாக அனுமதி வாங்கினோம் என்று தயாரிப்புத் தரப்பு சொன்னது. 2017ல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கும் மேடையில் பாடுவது பற்றி நோட்டீஸ் போனது, அன்று எத்தனை வீடுகளில் அதைப் பற்றிச் சண்டை நடந்தது!

என் கருத்தைச் சொல்கிறேன். சண்டையில் யார் பக்கம் என்று பார்ப்பதைவிட எந்த உரிமை பற்றிய சண்டை என்று பாருங்கள். கம்பெனி தரக்கூடியது தன்னிடம் எழுத்தில் இருப்பதை மட்டும்தான். மாஸ்டர் அவர்களிடம் இருந்து மெட்டின் உரிமை முழுதாக வந்து சேரவில்லை என்றால் அவர்கள் கொடுக்கும் அனுமதியும் பாதிதான். அந்தக் கால ஒப்பந்தங்கள் பல ஒரு பக்கக் கடிதம், சில வெறும் ரசீது. உரிமையோடு படைத்தவரின் மரியாதை சம்பந்தப்பட்ட தார்மீக உரிமை என்று ஒன்றும் இருக்கிறது, பாட்டைச் சிதைத்தால் அவர் கேள்வி கேட்கலாம், விற்றபிறகும். படத்தில் பழைய பாட்டு வைக்கிறவர்கள் இரண்டு பக்கமும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கொடுத்த மாஸ்டரைத் திரும்ப வாங்க முடியுமா?

கம்பெனி விற்றால் முடியும். டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் 2019ல் கைமாறியது. 2021லிருந்து அவர் அவற்றில் நான்கைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தார், பாட்டு அவர் எழுதியது என்பதால் முடிந்தது. 2025ல் பழையதையும் விலைக்கு வாங்கிவிட்டார். நமக்கு அவ்வளவு வசதி இல்லை, ஆனால் மெட்டும் வரியும் கையில் இருந்தால் மறுபடி பாடலாம் என்பது நமக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தில் ‘இத்தனை வருஷத்துக்கு மறுபதிவு செய்யக்கூடாது’ என்று ஒரு வரி இருக்கும், அந்த எண்ணைக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள்.

எங்க அப்பா 80கள்ல பாடின பக்தி கேசட் இருக்கு. கம்பெனியே இப்போ இல்ல. நான் ஏத்தலாமா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வருவார்கள். கம்பெனி மூடியதால் உரிமை காற்றில் போய்விடாது, பலர் தங்கள் கிடங்கை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டுத்தான் மூடினார்கள். முதலில் வீட்டில் பழைய கடிதம், ரசீது, செக் விவரம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கேசட் அட்டையில் கம்பெனி பெயரும் எண்ணும் இருக்கும். ஆப்களில் அந்தப் பாட்டைத் தேடினால் கீழே இப்போதைய உரிமையாளர் பெயர் பெரும்பாலும் வரும், அவர்களுக்கு எழுதுங்கள். எங்கும் வரவில்லை, பேப்பரும் இல்லை என்றால் வக்கீலைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அப்பா எழுதியோ மெட்டுப் போட்டோ இருந்தால் அது தனிக் கணக்கு, வாரிசாக நீங்கள் ஐபிஆர்எஸ்ஸில் சேரலாம். எழுதியது அவரே என்று பேப்பர் காட்டினால் நீங்களே அதைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்யவும் வழி பார்க்கலாம். இதெல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். ஆனால் டேப் அதுவரைக்கும் காத்திருக்காது, பூஞ்சை பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஏற்றுவதைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் கேசட்டை எடுத்து வாருங்கள். என்னிடம் ஓடுகிற டெக் இன்னும் ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரில் மாற்றி வைத்துவிடலாம்.